அடி கடைசியில் விழட்டும்

பொங்கலூரைத் தாண்டி காங்கேயம் பக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பனியன் கம்பெனி வேன்களுக்கு நடுவே கிளுவை வேலியும் கொறங்காடும் இன்னும் கண்ணில் படும். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ இந்த மண்ணின் கதை. கீரனூர்க்காரரான அவர், 1942இல் அது வெளிவந்தபோது இருபத்தைந்தை ஒட்டிய இளைஞர். முன்னுரை எழுதியவர் கு.ப.ரா.

கொலையில் முடிகிற நாவல். ஆனால் கொலைக்காக யாரும் அதைத் திரும்பப் படிப்பதில்லை.

புருஷனை இழந்தவள் தன் பங்கு நிலத்தைக் கேட்க நினைக்கிறாள். விஷயம் அவ்வளவுதான். கொழுந்தன் சின்னப்பன் வில்லன் அல்ல; ஓரகத்தி காளியம்மாளும் கொடுமைக்காரி இல்லை. இரு தரப்பிலும் நியாயம் இருப்பதால்தான் வாசகன் தவிக்கிறான். பங்கு என்ற சொல் வெளிப்படையாக விழுவதற்கு முன்பே வீட்டில் அடுப்பும் பாத்திரமும் பகை பேசத் தொடங்கிவிடுகின்றன. ஊர்க்காரர்களான கெட்டியப்பனும் மணியக்காரரும் வெளியிலிருந்து ஊதுகிறார்கள். புகை ஏறுகிறது, ஆசிரியர் அவசரப்படுவதில்லை. கெட்டியப்பனின் அடி விழுந்ததும் கதையை அப்படியே நிறுத்திவிடுகிறார். ஒப்பாரி, போலீஸ், தீர்ப்பு எதுவும் கிடையாது. முடிவு பொசுக்கென்று இருப்பதாகக் குறை சொல்வோர் உண்டு. அந்தப் பொசுக்குதான் இதன் அழகு.

க்ரைம் நாவல் எழுதும் கோவை ராஜேஷ்குமாரின் ரசிகர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். தொடர்பில்லாத இரண்டு தடங்களை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓட்டி, கடைசியில் ஒரே இடத்தில் சேர்ப்பது அவர் கைப்பழக்கம். அத்தியாய முடிவில் ஒரு கொக்கி. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவரையும் தூங்கவிடாத வித்தை அது, சாதாரணமல்ல. ஆனால் கொலையாளி யாரென்று தெரிந்த பிறகு அந்தப் புத்தகம் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும். நாகம்மாளின் வீட்டில் நடக்கப்போவது தெரிந்தும் வயிறு கலங்குகிறது.

பஸ் நிலையப் பெட்டிக்கடைகளில் மாத நாவல்கள் கயிற்றில் தொங்கிய காலத்தில் கொக்கியாவது பொறுமையாக மாட்டப்பட்டது. இப்போது கதையின் முதல் வரியிலேயே பிணம். ஐந்தாம் வரியில் பிளாஷ்பேக்.

அந்த பனியன் கம்பெனிகளின் திருப்பூரைப் பற்றி நாவல் இல்லாமல் இல்லை. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ இருக்கிறது, எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமைச் சாயங்காலம், கான்ட்ராக்டர் சம்பள நோட்டைப் பிரிப்பதற்கு முன்னால் டைலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கிற அந்த அரை நிமிஷம் மட்டும் சண்முகசுந்தரத்தின் கையில் கிடைத்திருந்தால், பத்து அத்தியாயம் ஓட்டியிருப்பார்.