பாயிண்ட் திறக்கும் நேரம்

கொடைரோடு ரயில் நிலையத்தில் இறங்கினால் கொடைக்கானல் இன்னும் சுமார் 80 கிலோமீட்டர். வத்தலக்குண்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மலை தொடங்கிவிடும். மேலே போய்ச் சேரும்போது உயரம் 2,100 மீட்டர். பாயிண்ட் (திறக்கும்போது தீப்பொறி விழவைக்கும் தொடுமுனை) வைத்த பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், சரியா, தப்பா என்பதை இந்த ஏற்றமே சொல்லிவிடும்.

அம்பாசிடர் காருக்கு இந்தக் கவலை குறைவு. கார்புரேட்டர் பக்கத்து வெற்றிடம் ஒரு சவ்வை இழுத்துத் தீப்பொறியை முன்னுக்குக் கொண்டுவரும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் வெற்றிடம் குறையும், பொறி தானே பின்வாங்கும். 1955 முதல் சென்னையில் உருவான புல்லட்டில் அந்தச் சவ்வு கிடையாது. வேகத்துக்கேற்ப விரியும் இரண்டு சின்ன எடைகள்தான். சுமையை அவை அறியா. மிச்சம் மெக்கானிக்கின் காதுக்கு.

டைமிங் வைப்பது பார்க்க அழகான வேலை. பாயிண்ட் இடைவெளியை முதலில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைக்க வேண்டும். மேலேறும் பிஸ்டன் உச்சியைத் தொட 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். நடுவே சிகரெட் தாளைச் செருகி, மெல்ல இழுத்தபடி என்ஜினைச் சுற்றுவார்கள். தாள் வழுக்கி வரும் கணமே திறப்பு. ஹெட்லைட்டுக்கு மேலிருக்கும் ஆம்மீட்டர் முள்ளும் அப்போது நடுவுக்குத் திரும்பும்.

பொறி முந்தினால் ஏற்றத்தில் என்ஜின் தட்டும், கிக்கர் காலைத் திருப்பி உதைக்கும். (கணுக்கால் வீங்கியவர்களுக்குத் தெரியும்.) பிந்தினால் இழுவை போய்ச் சூடேறும்.

எலக்ட்ரானிக் இக்னிஷனில் இந்தப் பாடே இல்லை. வசதிதான், ரசிக்க ஒன்றுமில்லை. பாயிண்ட் வண்டிக்காரர்களே, மலையேறுமுன் கொடைரோட்டிலேயே தாள் வைத்துப் பார்த்துவிடுங்கள்.