சமூனிப் பாடலின் தோற்றுவாய்

கி.மு. 167இல் மன்னன் நான்காம் அந்தியோக்கு யூத சமய ஒழுக்கங்களைத் தடைசெய்தான். அதற்குப் பணியாது மடிந்த ஒரு தாயையும் அவள் மைந்தர் எழுவரையும் பாடும் சிரியாக் பாடலொன்று 1895இல் கேம்பிரிட்ஜில் அச்சேறியது. பென்சிலி தேடித் தொகுத்ததைப் பார்ண்ஸ் நிறைவுசெய்தார். ‘ஆறாம் மக்கபேயர்’ எனவும் சுட்டப்படும் இப்பாடலை யூத வழிபாட்டுப் பாடலெனச் சிக்ரிட் பீற்றர்சன் 2006ஆம் ஆண்டு ஆய்வேட்டில் கொண்டார்.

இம்முடிபு கவர்ச்சியுடையதே. ஆயினும் பாடுபொருளைக் கொண்டு பாடியவரின் சமயத்தைத் துணிதல் பொருந்தாது. 4ஆம் நூற்றாண்டிலேயே அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் இத்தியாகிகளைப் போற்றி உரையாற்றினார். சிரியத் திருச்சபைகளும் அவர்களுக்கு விழா எடுத்தன. 2ஆம், 4ஆம் மக்கபேயர் நூல்களில் பெயரற்றிருக்கும் தாய், சிரிய மரபில் ‘சமூனி’ ஆகிறாள். பெயர் சொல்லி அழைத்தல் வழிபடுவோர் தேவை. தத்துவம் பேசும் நான்காம் நூலுக்கு அது வேண்டுவதன்று. எனவே பெயர் ஒன்றே பழைமைக்குச் சான்றாகாது.

நான்காம் நூலும் இப்பாடலும் தொலைந்துபோன ஒரு மூலத்திலிருந்து கிளைத்திருக்கலாம் என்பாரும் உளர். ஆனால் நான்காம் நூலின் சிரியாக் மொழிபெயர்ப்பே அதே 1895ஆம் ஆண்டுப் பதிப்பில் முதன்மை பெறுகிறது! பாடியவர் அதனைக் கற்றிருந்தால் ஒப்புமைக்கு அதுவே போதும். மூலநூல் உண்டென்போர், அம்மொழிபெயர்ப்பில் இல்லாததும் பின்னையோர் புனைந்திருக்க இயலாததுமான செய்தியொன்றைப் பாடலிலிருந்து எடுத்துக்காட்டுதல் வேண்டும்.