மனுவில் பேசும் 'நான்' யார்?

பெண் தன்மை ஒருமையில் பேசும் பிரதிகளைத் தேடுகிறவர்கள் கவிதைகளுக்கும் தன்வரலாறுகளுக்கும் போகிறோம். குடும்ப நீதிமன்றக் கட்டுகளின் பக்கம் போவதில்லை. அங்கே நாள்தோறும் 'நான்' என்று பேசும் பெண் பிரதிகள் குவிகின்றன. ஜீவனாம்ச மனுவை அப்படியொரு பிரதியாகவே வாசிக்கிறேன்.

அந்த 'நான்' மனுவுக்கு மனு ஒரே குரலில் பேசுகிறது. நகை, அடி, வீட்டைவிட்டு வெளியேற்றம், கடைசியில் 'யாதொரு வருமானமும் இன்றிப் பெற்றோர் தயவில் ஜீவித்து வருகிறேன்'. தையல் மிஷின் மிதித்தவள், சீட்டுப் பிடித்தவள், கணவனின் கடையைக் கூலியின்றிக் கவனித்தவள் என எல்லோரும் இந்த ஒற்றை வாக்கியத்துக்குள் வந்ததும் காணாமல் போகிறார்கள். உழைப்பைச் சொன்னால் 'வருமானம் இருக்கிறதே' என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். எனவே அவள் உழைத்ததை அழித்துவிட்டுத்தான் மனு அவளுக்காகப் பேசுகிறது.

வக்கீலை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத மனைவியைப் பற்றித்தான் பேசியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவிலும் அதே நிபந்தனை. ஆனால், அந்த இயலாமைக்குப் பரம ஏழ்மை என்று பொருளல்ல என்று சதுர்புஜ் எதிர் சீதாபாய் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல், இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், மனுச் செய்த தேதியிலிருந்தே ஜீவனாம்சம் வழங்க வேண்டும் என்றது. தீர்ப்புகள் நகர்ந்த பிறகும் மனுவின் நடை பழைய இடத்திலேயே நிற்கிறது.

சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களைப் பற்றிய நம் பேச்சிலும் இதே சிக்கல்தான். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பெண் என்பதே வக்கீல் உதவி பெறப் போதுமான தகுதி. வருமான வரம்பு கிடையாது. நாமோ அதை 'ஏழைகளுக்கான இலவச உதவி' என்கிறோம். சட்டம் கேட்காத ஏழ்மையை நம் மொழி கேட்கிறது. சம்பளம் வாங்கும் பெண், இது தனக்கில்லை என்று திரும்பிவிடுகிறாள்.

அவையேறி வழக்குரைத்த பெண் என்றால் நமக்குக் கண்ணகி. அவள் உரைத்ததும் கணவனுக்காக. தன் உழைப்பையும் தன் பங்கையும் முன்வைக்கும் பெண்ணுக்கான வழக்குமொழியை நாம் இன்னும் உருவாக்கவில்லை. இத்தனைக்கும் ஜீவனாம்சம் என்ற சொல்லிலேயே 'அம்சம்' இருக்கிறது. அம்சம் என்றால் பங்கு.

தோழிகளே, மாணவிகளே, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மனு ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் செய்த வேலைகள் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.