பள்ளிச் சிறுமியின் சருமம்

1898இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒரு சோப்பு விற்பனைக்கு வந்தது. பாம் எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துச் செய்ததால் அதற்குப் பாமாலிவ் என்று பெயர். உள்ளே இருப்பதை வெளியே சொன்ன நேர்மையான பெயர்தான். எண்ணெயின் மேல் கதை ஏறியது விளம்பரங்களில்.

முதலில் கிளியோபாட்ரா வந்தாள். பழங்கால எகிப்தின் அழகு ரகசியமே இந்த எண்ணெய்கள்தான் என்றார்கள். பிறகு, பள்ளிச் சிறுமியின் சருமத்தை விட்டுவிடாதே என்ற வாசகம் பல ஆண்டுகள் ஓடியது. 1920களின் விளம்பரம் ஒன்று இன்னும் வெளிப்படை: ஆண்கள் பெரும்பாலும் ‘அவள் அழகா?’ என்றுதான் கேட்கிறார்களாம், ‘அறிவுள்ளவளா?’ என்று அல்ல.

பெண்களின் வாக்குரிமை அமெரிக்க அரசியலமைப்பில் ஏறியது 1920இல். தென் மாநிலக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு அது ஏட்டளவிலேயே நின்றது என்பதையும் மறக்கக் கூடாது. வாக்குச்சாவடிக்குள் வளர்ந்த மனுஷியாக நுழைந்தவளிடம், கண்ணாடி முன்னால் மட்டும் சிறுமியாகவே இரு என்றது சோப்பு. வயதாவது இயல்பு என்று அவள் நம்பிவிட்டால் வியாபாரம் நடக்காது.

அந்த வாக்குறுதியை எண்ணெய் காப்பாற்றுமா? எண்ணெயோடு காரம் சேர்ந்தால்தான் சோப்பு. சேர்ந்தபின் அது எண்ணெய் அல்ல, கொழுப்பமிலங்களின் உப்பு. லேபிளில் அதற்குச் சோடியம் ஆலிவேட் என்று பெயர். அழுக்கை எடுக்கும், தண்ணீரோடு போய்விடும்.

எண்ணெயை அப்படியே பூசினால்? பிரிட்டனின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். சில வாரங்கள் தினமும் இருமுறை ஆலிவ் எண்ணெய் பூசிய கைகளில் தோலின் மேலடுக்கு பலவீனமாகி, லேசாகச் சிவந்தது. சூரியகாந்தி எண்ணெய் பூசிய கைகளில் அந்த அடுக்கு கெடவில்லை. ஆலிவில் மிகுந்திருக்கும் ஓலியிக் அமிலம் தோலின் அரணைக் குலைக்கக்கூடியது.

ஆலிவ் எண்ணெய் மேல் எனக்குக் கோபமில்லை. ஒத்துக்கொள்கிறவர்கள் பூசட்டும். கோபம், அதைச் சாக்காக வைத்து நம் வயதைக் குறையாக்கிய பேச்சின் மேல். அந்தப் பேச்சு இன்றும் கிரீம் டப்பாவின் முன்பக்கத்தில், பச்சை இலைப் படத்தோடு இருக்கிறது. பின்பக்கப் பட்டியலில் அளவில் மிகுந்த பொருள் முதலில் வர வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. ஆலிவ் அங்கே கடைசியில் ஒண்டிக்கொண்டிருந்தால், நாம் காசு கொடுத்தது படத்துக்கு. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து படிக்கப் பழகுவோம்.