நீல் யங்கின் 'ஹார்வெஸ்ட்'

1972 பிப்ரவரியில் வந்த 'ஹார்வெஸ்ட்', அந்த ஆண்டு அமெரிக்காவில் வேறெந்த ஆல்பத்தையும்விட அதிகமாக விற்றது. முதுகு வலியால் கனமான எலெக்ட்ரிக் கிடாரைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாத நாட்களில், நீல் யங் உட்கார்ந்தபடி அக்கூஸ்டிக் கிடாரில் வாசித்த பாட்டுகள் இதில் பல.

'ஹார்ட் ஆஃப் கோல்ட்' பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். கிடாரும் மவுத் ஆர்கனும் முன்னே நிற்க, கென்னி பட்ரியின் டிரம்ஸ் துள்ளாமல் நிதானமாக நடந்து வரும். பென் கீத்தின் பெடல் ஸ்டீல் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நீட்டி, அடுத்ததில் வழுக்கி இறங்கும். முடிவை நெருங்கும்போதுதான் லிண்டா ரான்ஸ்டாட்டும் ஜேம்ஸ் டெய்லரும் குரல் சேர்க்கிறார்கள். அந்தப் பொறுமை எனக்கு அவ்வளவு பிடிக்கும்! 'ஓல்ட் மேன்' பாட்டில் பாஞ்சோ வாசிப்பதும் டெய்லர்தான்.

லண்டன் சிம்பொனி இசைக்குழு சேர்ந்த இரண்டு பாட்டுகள் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. யங்கின் மெலிந்த குரல் அவ்வளவு பாரம் தாங்காது. ஹெராயினின் கொடுமையைச் சொல்லும் 'தி நீடில் அண்ட் தி டேமேஜ் டன்' மேடையில் பதிவானது. ஒரு கிடார், ஒரு குரல், இரண்டே நிமிடம் சொச்சம். ஆல்பத்தின் உச்சம் அதுதான்.