எண்ணிக்கை அளக்குமா அறிவை?

வீரசோழன் சந்தைக்கு ஆடு வாங்க வருபவர், அதைச் சுற்றி எத்தனை பேர் நிற்கின்றனர் என்று எண்ணி விலை பேசுவதில்லை. பல்லைப் பார்ப்பார், இடுப்பைத் தொட்டுப் பார்ப்பார், பிறகே பணத்தை எடுப்பார். அந்தத் தெளிவு, பட்டங்கள் பல பெற்றோர் கூடும் தேர்வுக் குழுக்களில் இல்லையே!

இந்த ஆய்வாளரைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர்? எத்தனை பேருடன் கூடி எழுதினார்? இவ்வினாக்களுக்கு விடையாக வரும் எண்ணே இன்று பதவி தருகிறது; பணம் தருகிறது; பெருமையும் தருகிறது. அவர் கண்ட உண்மை யாது என்ற வினா மட்டும் வாயிலில் நிற்கிறது.

அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1955 இல் மேற்கோள் அட்டவணைக்குத் திட்டம் தந்தார். 1964 முதல் அது முறையாக வெளிவந்தது. ஒரு கருத்து எங்குத் தோன்றி எவ்வழிச் சென்றது என்று தேடுவோர்க்கு அது கைவிளக்கு. கைவிளக்கைத் துலாக்கோல் ஆக்கியது பின்னைய உலகம். 2005 இல் இயற்பியலறிஞர் ஹிர்ஷ் ‘எச்’ குறியீட்டை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறைக்குக் குறையாமல் மேற்கோள் பெற்றால் அவர் எண் பத்து. பதினொரு கட்டுரைகள் பதினொரு முறையை எட்டும்வரை அது பத்தே!

குலத்தைப் பார்த்தும், கூழைக் கும்பிடு பார்த்தும் பதவி தந்த நாட்டில், ஆளைப் பாராத எண் ஒன்று வந்தது நலமே. அதை மறுப்பார் இல்லை. ஆனால் பழைய தெய்வத்தை இறக்கிய பீடத்தில் புதிய தெய்வத்தை ஏற்றுவதா பகுத்தறிவு?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் 1963 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். புரத மூலக்கூறின் சங்கிலி எக்கோணங்களில் வளையக்கூடும், எக்கோணங்களில் வளைய இயலாது என்று காட்டும் வரைபடம் அது. இன்றும் புரத அமைப்புகளைச் சரிபார்ப்போர் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ கொண்டே சரிபார்க்கின்றனர். பலர் பெயரை மட்டும் சொல்வர். மூலக் கட்டுரையைச் சுட்டார். அது பொதுவுடைமை ஆகிவிட்டது! சுட்டினாலும் என்ன? ஆயிரம் முறை சுட்டப்பட்ட கட்டுரையும் ‘எச்’ கணக்கில் ஒன்றே ஒன்றுதான்.

கூட்டாய்வின் கணக்கும் இத்தகையதே. ஹிக்ஸ் துகளின் நிறையைக் கணித்து 2015 இல் வந்த கட்டுரைக்கு ஆசிரியர் 5,154 பேர். பேருழைப்புத்தான், ஐயமில்லை. ஆயினும் மூவர் எழுதியதும் ஐயாயிரவர் எழுதியதும் ஒவ்வொருவர் ஏட்டிலும் ஒரே அளவில் ஏறுவது எந்த நீதி?

நம் மொழி வரலாற்றையே பாருங்கள். தென்மொழிகள் வடமொழியிற் பிறந்தவையல்ல, தனிக் குடும்பம் என்பதை 1816 இல் காம்பெல்லின் தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய குறிப்பில் எல்லிஸ் நிறுவினார். தெலுங்குப் புலவர் மாமடி வெங்கையாவின் நூலை அதில் எடுத்தாண்டார். 1819 இல், நமக்குக் கிழக்கே இராமநாதபுரத்தில், அவர் மறைந்தார். 1856 இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது. முதலில் நிலத்தைக் கீறியவர் எல்லிஸ் என அவரும் குறித்தார். எண்ணுவோனுக்கு அது ஒரு மேற்கோள்; எண்ணிப் பார்ப்போனுக்கு அது ஓர் அடித்தளம்!

எண்ணே ஊதியமானால் எண்ணைப் பெருக்கும் தொழிலும் வளரும். தம்மைத் தாமே மேற்கோள் காட்டுவோர் உண்டு. ‘நீ என்னைச் சொல், நான் உன்னைச் சொல்கிறேன்’ என்று மொய்க் கணக்கு எழுதுவோரும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2010 இல் ஆசிரியர் பதவிக்குக் கட்டுரைக்கு இத்தனை புள்ளி என விதித்தபின், காசு பெற்று அச்சிடும் போலி இதழ்கள் காளான்போல் முளைத்ததை நாடறியும்.

இதில் பெரிதும் இழப்பது யார்? திருச்சுழிக் கண்மாய்களைப் பற்றி, கரிசல் உழவரின் வாழ்வைப் பற்றித் தமிழில் ஆய்பவர். பெரும்பாலும் ஆங்கில இதழ்களையே கணக்கெடுக்கும் பன்னாட்டு அட்டவணையில் அவர் எண் சுழி! அவர் எழுத்தைப் படித்துக் கண்மாய் தூர்வாரும் ஊரார் மேற்கோள் காட்டமாட்டார், பயன் கொள்வர். இந்த அநீதியை உணர்ந்தே, 2015 இல் அறிஞர் சிலர் வெளியிட்ட லைடன் அறிக்கை, எண் துணையாக நிற்கட்டும், தீர்ப்பை அறிந்தோர் வழங்கட்டும் என்றது. அந்தந்த மண்ணுக்குரிய ஆய்வைக் காக்கவும் சொன்னது.

ஆகவே, எண்ணை எரிக்க வேண்டா. அரியணை ஏற்றவும் வேண்டா. தேர்வுக்கு வருபவரின் சிறந்த கட்டுரைகள் மூன்றைக் குழுவினர் படிக்கட்டும். புதிதாகக் கண்டது யாது, சான்று யாது, கூட்டாய்வில் அவர் கைப்பங்கு யாது என நேரில் கேட்கட்டும். படிப்பதற்கு நேரமில்லை என்பாராயின், தீர்ப்பளிக்க மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது?