வெட்டாத படத்தை எப்படி ரசிப்பது?

எங்கள் திருப்புலிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கூத்து என்றால் இரவு பத்து மணிக்குப் பாய் போட்டு உட்கார்ந்து, விடிந்த பிறகுதான் எழுந்திருப்போம். கர்ண மோட்சத்தில் கர்ணன் போருக்குப் புறப்படும்போது மனைவி பொன்னுருவி வழிமறிப்பாள். பாட்டும் வசனமுமாக அந்தத் தர்க்கம் முக்கால் மணி நேரம்கூட நீளும். அதே கூத்தை ஒருமுறை நகரத்து மேடையில் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி ஆடியதைப் பார்த்தேன். அடவில் குறையில்லை, மத்தளமும் முகவீணையும் பிரமாதம். ஆனால் பொன்னுருவி வந்த சுவடு தெரியாமல் போய்விட்டாள். கடைசியில் கர்ணன் சாய்ந்தபோது எனக்குக் கண் கலங்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதே சாவைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டிகளோடு சேர்ந்து நானும் அழுதிருக்கிறேன்.

பிடித்த படத்தின் 'டைரக்டர்ஸ் கட்' என்ற இயக்குநர் பதிப்பை வீட்டில் பார்க்க உட்காரும்போதெல்லாம் அந்தப் பொன்னுருவியை நினைத்துக்கொள்வேன். நம்மில் பலர் நீண்ட பதிப்பைப் புதையல் தேடுவதுபோல் பார்க்கிறோம். "இது தியேட்டர்ல இல்லையே" என்று விரலை நீட்டுவதிலேயே மூன்று மணி நேரமும் கழிந்துவிடுகிறது. சேர்ந்த காட்சியை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வருகிற பழைய காட்சியைக் கவனியுங்கள். நூறு தடவை பார்த்த அந்தக் காட்சி இப்போது கனத்திருக்கிறதா, இளைத்திருக்கிறதா? ரசனை தொடங்குகிற இடம் அதுதான்.

இதைப் பழக 'ஷோலே' நல்ல பாடம். 1975 ஆகஸ்ட் 15-இல் படம் வெளியானபோது நாட்டில் அவசரநிலை. முன்னாள் போலீஸ் அதிகாரியான தாக்கூர் தன் காலாலேயே கொள்ளைக்காரன் கப்பர் சிங்கைக் கொல்வதாகத்தான் ரமேஷ் சிப்பி எடுத்திருந்தார். சட்டத்தைக் கையில் எடுக்கக்கூடாது என்று தணிக்கைக் குழு மறுத்தது. போலீஸ் வந்து தடுத்து, கப்பரைக் கைது செய்வதாக முடிவு மாறியது. பழைய முடிவு கேசட், டிவிடி காலத்திலேயே கசிந்துவிட்டது. பிறகு ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் மீட்டெடுத்த முழுப் பதிப்பு 2025 ஜூனில் இத்தாலியின் போலோன்யா நகரில் திரையிடப்பட்டது.

அந்தப் பதிப்பில் வேலைக்காரர் ராம்லால் தாக்கூரின் செருப்பில் ஆணி அடிக்கிற சிறிய காட்சி ஒன்று உண்டு. கை இரண்டும் இல்லாத மனிதருக்கு இன்னொருவர் ஆயுதம் செய்து கொடுக்கிறார். இதைப் பார்த்த பிறகு கடைசிச் சண்டையில் அவருடைய ஒவ்வொரு மிதியும் நமக்கு வேறு மாதிரி வலிக்கும். பழி தீர்ந்ததும் தாக்கூர் உடைந்து அழுகிறார். வென்றபின் அழுகிற அந்த மனிதரை ஐம்பது வருடம் தியேட்டரில் நமக்குக் காட்டாமல் வைத்திருந்தார்கள்.

ஆனால் அதே படத்தில் வெட்டியதால் உயர்ந்த இடமும் இருக்கிறது. கண் தெரியாத இமாமின் மகன் அகமது கப்பரிடம் சிக்குகிறான். அவன் கொல்லப்படுவதையும் படம் பிடித்திருந்தார்கள், வெளியானபோது நீக்கிவிட்டார்கள். தியேட்டரில் நாம் பார்த்தது இவ்வளவுதான்: சாய்ந்து கிடக்கும் கப்பரின் கையில் ஓர் எறும்பு ஊர்கிறது. கொஞ்ச நேரம் அதையே பார்க்கிறான். ஒரே அடி. அடுத்து, பையனின் உடலைச் சுமந்துகொண்டு குதிரை ஊருக்குள் நுழைகிறது. நடுவில் நடந்ததை நம் மனமே எடுத்துக்கொள்கிறது. எந்த நீண்ட பதிப்பாலும் இந்த எறும்பை வெல்ல முடியாது என்பது என் தீர்ப்பு.

ரிட்லி ஸ்காட்டின் 'கிங்டம் ஆஃப் ஹெவன்' (2005) கதை வேறு. தியேட்டரில் 144 நிமிடம், இயக்குநர் பதிப்பில் 194. வெட்டுப்பட்டதில் முக்கியமானது அரசி சிபில்லாவின் சிறுவயது மகன். அவனுக்குத் தொழுநோய் என்று தெரிந்து அவள் துடிப்பது முழுக்கப் போய்விட்டது. பொன்னுருவிக்கு நேர்ந்ததுபோல் அங்கேயும் முதலில் கத்தி விழுந்தது ஒரு பெண்ணின் துயரத்தில்தான். இத்தாலியப் படமான 'சினிமா பாரடைசோ'வில் எனக்கு நேர்மாறான அனுபவம். 124 நிமிடப் பதிப்புதான் ஆஸ்கர் வாங்கியது. பிறகு வந்த 173 நிமிடப் பதிப்பில் நாயகன் பழைய காதலியை மறுபடி சந்தித்து, பிரிந்த காரணத்தைத் தெரிந்துகொள்கிறான். காரணம் தெரிந்ததும் அந்தப் பிரிவின் ஏக்கம் எனக்குப் பாதியாகிவிட்டது.

தமிழில் ஆரம்பிக்க 'விடுதலை' முதல் பாகம் போதும். 2023 மார்ச் 31-இல் தியேட்டருக்கு வந்தது. அடுத்த மாதமே கூடுதல் காட்சிகளோடு ஜீ5-இல் வெற்றிமாறனின் இயக்குநர் பதிப்பாக வந்தது. சூரி நடித்த போலீஸ்காரன் குமரேசனை மட்டும் பின்தொடருங்கள். காயம்பட்ட பெண்ணைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியதற்காக அவனுக்குத் தண்டனை. மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்கிறான். அவன் எவ்வளவு நேரம் பொறுக்கிறானோ அவ்வளவு நேரம் நாமும் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு பத்து வினாடி தாண்டினால் அவன் பிடிவாதத்தின் எடை தெரியாமல் போய்விடும்.

இனி வீட்டு ஏற்பாடு. முதலில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். தியேட்டர் பதிப்பைவிட நிமிடக்கணக்கு கூடாமல் இருந்தால் தலைப்பில் என்ன போட்டிருந்தாலும் அது பழைய படமாகவே இருக்கலாம். ஒரு வாரம் முன்னால் தியேட்டர் பதிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். டிவி செட்டிங்கில் 'மோஷன்' என்ற சொல் வரும் வசதி இருந்தால் நிறுத்துங்கள். சினிமா வினாடிக்கு 24 ஃபிரேம். அந்த வசதி யாருமே எடுக்காத ஃபிரேம்களைத் தானாகச் செய்து நடுவில் சொருகும். படம் சீரியல் மாதிரி வழவழவென்று ஆகிவிடும். நிமிடங்களுக்காகச் சண்டை போட்ட இயக்குநருக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை இது. இடைவேளை என்று படத்திலேயே வரும் இடத்தில் மட்டும் எழுந்து காபி போடுங்கள்.

எங்கள் ஊரில் இதற்குத் தோதான நேரம் இரவு ஒன்பதுக்கு மேல். காஞ்சிபுரம் சாலையில் பஸ் சத்தம் குறைந்திருக்கும், வீட்டிலும் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். வயதானவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். விடிய விடியக் கூத்துப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். படம் முடிந்ததும் எந்தக் காட்சி புதிது என்று அவர்களிடம் கேட்காதீர்கள். யாருக்காக மனசு கஷ்டப்பட்டது என்று கேளுங்கள்.